கேம்பிரியன் தொடங்கியது 57 கோடி ஆண்டுகளுக்கு முன்பா, 53.9 கோடியா?

கேள்வி சுருக்கமாக இது. பழைய பாடநூலில் கேம்பிரியன் காலம் 57 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று இருக்கிறது. அடுத்து வந்த நூலில் 54 கோடி. இப்போது 53 கோடியே 88 லட்சம் என்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு காலம் 2 கோடி ஆண்டு, இன்னொன்று 7 கோடி ஆண்டு என்று நீளங்களும் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. பூமியின் வரலாற்றை யார், எதை வைத்து இப்படிப் பிரித்தார்கள்? எண்ணே நிலையாக இல்லாதபோது இந்தப் பிரிவினையை எப்படி நம்புவது?

நிலவியல் வகுப்பு எடுத்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பல முறை எதிர்கொண்டிருக்கிறேன். நன்றாக யோசிக்கிற மாணவர்தான் இதைக் கேட்பார். அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் தஞ்சைக்குப் போய்வருவோம். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. நாள் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? அவனுடைய 25ஆவது ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று. கி.பி. 1010 என்ற எண் அந்தக் கல்லில் கிடையாது. கல்வெட்டுகளில் வரும் கிரகணம், நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றை வானியல் கணக்கோடு ஒப்பிட்டு, பிற்கால ஆய்வாளர்கள் சோழர் ஆட்சிகளுக்கு ஆங்கில ஆண்டுகளைப் பொருத்தினார்கள். நாளை அந்தக் கணக்கு ஓராண்டு முன்பின் திருத்தப்படலாம். அதனால் ராஜராஜனுக்குப் பின் ராஜேந்திரன் என்ற வரிசை குலைந்துவிடாது. ஒருவர் இருபத்தொன்பது ஆண்டு ஆண்டார், மற்றொருவர் நான்கே ஆண்டு ஆண்டார், ஏன் சமமாக இல்லை என்றும் நாம் கேட்பதில்லை.

கேம்பிரியன், டெவோனியன், ஜுராசிக் எல்லாம் அப்படிப்பட்ட ஆட்சிப் பெயர்கள். அவை பாறை வரிசைக்கு வைத்த பெயர்கள். ஆண்டுக் கணக்கு நூறு ஆண்டு கழித்து அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாக அவிழும்.

வரிசை எப்படிக் கிடைத்தது? கிணறு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கரிசல், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே களிமண், பிறகு பாறை. கீழே கிடப்பது முன்னால் படிந்தது, மேலே கிடப்பது பின்னால் படிந்தது. கீழடிக் குழியில் தொல்லியலாளர் வேலை செய்வதும் இதை நம்பித்தான். இதைப் பாறைகளுக்கு விதியாக எழுதி வைத்தவர் டென்மார்க்கில் பிறந்து இத்தாலியில் பணியாற்றிய நிக்கோலாஸ் ஸ்டீனோ, 1669இல். அவர் மருத்துவர். 1666இல் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மலைப்பாறைகளில் கிடைத்து, கல்லாகிப்போன நாக்கு என்று மக்கள் சொல்லிவந்த பொருள்கள் அந்தச் சுறாவின் பற்களைப் போலவே இருப்பதைக் கண்டார். கடல் உயிரின் பல் மலைக்குள் எப்படிப் போனது என்ற யோசனையில் பிறந்தவைதான் அவருடைய விதிகள்: படிவுகள் முதலில் கிடைமட்டமாகவே படிகின்றன, கீழது மூத்தது, சாய்ந்தோ மடங்கியோ கிடந்தால் அது பின்னால் நேர்ந்தது.

ஒரு கிணற்றுக்குள் இது போதும். திருச்சியில் உள்ள அடுக்கும் பிரான்சில் உள்ள அடுக்கும் ஒரே காலத்தவையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. களிமண் எல்லாக் காலத்திலும் படிந்திருக்கிறது, மணலும் அப்படித்தான். இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்மித். கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்தவர். பெரிய படிப்போ செல்வமோ இல்லாதவர். வெட்டிய கரைகளைத் தினமும் பார்த்த கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது: ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய சிப்பிகளும் சங்குகளும் இருக்கின்றன, அவை எல்லா ஊரிலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஒருமுறை மறைந்த வகை மேலே உள்ள அடுக்குகளில் திரும்ப வருவதே இல்லை. 1815இல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம் இதை வைத்து வரையப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் கடனுக்காகச் சிறை போனார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பாறை திரும்பத் திரும்ப வரும், உயிர் திரும்ப வராது. அதனால்தான் தொல்லுயிர் எச்சம் காலத்தின் முத்திரையாகப் பயன்படுகிறது. வட்டமாகச் சுருண்ட அம்மோனைட் ஓட்டை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமம் அதுதான். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கறுப்பு நிறக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த ஒரு கணவாய் இனத்து உறவின் ஓடு. அம்மோனைட்டுகள் விரைவாக வடிவம் மாறியவை, கடலெங்கும் பரவியவை. ஓட்டின் மேலுள்ள வரிகளையும் முடிச்சுகளையும் பார்த்தே, பழகியவர் அடுக்கைச் சொல்லிவிடுவார்.

இந்த முறை கையில் கிடைத்ததும் 1820களிலிருந்து ஐரோப்பியர்கள் தாங்கள் நடந்து பார்த்த இடங்களின் பெயரைப் பாறை வரிசைக்கு வைத்துக்கொண்டே போனார்கள். வேல்சின் பழைய லத்தீன் பெயரிலிருந்து கேம்பிரியன், அங்கே வாழ்ந்த பழங்குடியின் பெயரிலிருந்து சிலூரியன், டெவன் என்ற மாவட்டத்திலிருந்து டெவோனியன், ரஷ்யாவின் பெர்ம் நகரத்திலிருந்து பெர்மியன், ஜுரா மலையிலிருந்து ஜுராசிக், சுண்ணக்கட்டிக்கான லத்தீன் சொல்லிலிருந்து கிரிடேசியஸ். நிலக்கரி நிறைந்த அடுக்குக்குக் கார்போனிஃபெரஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஐரோப்பாவுக்குப் பொருத்தம். நம் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி அதற்கு அடுத்த பெர்மியனைச் சேர்ந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இன்னும் பல கோடி ஆண்டுகள் இளையது. பெயரைப் பார்த்துப் பொருள் கொண்டால் இப்படி இடறும்.

பிரிட்டிஷ் நிலவியலாளர்களான இரண்டு நண்பர்கள் இந்தப் பெயர் வைப்பில் பகைவர்களாகவே ஆனார்கள். செட்ஜ்விக் கேம்பிரியனைக் கீழிருந்து மேலே அளந்துகொண்டு வந்தார். மர்ச்சிசன் சிலூரியனை மேலிருந்து கீழே அளந்துகொண்டு போனார். நடுவில் ஒரு பெரிய அடுக்குத் தொகுதியை இருவருமே தமது என்றார்கள். இருவரும் மறைந்த பிறகு 1879இல் சார்லஸ் லேப்வொர்த், கிராப்டோலைட் என்ற மிதவை உயிரின் எச்சங்களை நுணுக்கமாக ஆராய்ந்து, அந்த நடுத்தொகுதி இரண்டிலும் சேராத தனி உலகம் என்று காட்டி ஆர்டோவிசியன் என்று பெயரிட்டார்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோடு எங்கே விழ வேண்டும் என்பது மனிதர் பேசி எடுக்கிற முடிவு. கோட்டுக்கு இருபுறமும் உள்ள உயிர்கள் வேறுவேறு என்பது பாறையில் இருக்கிற உண்மை. சிலருக்கு முன்னது மட்டும் கண்ணில் படும், உடனே எல்லாமே மனிதர் வசதிக்குச் செய்துகொண்டது என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். பின்னதையும் பார்க்க வேண்டும். காலங்களுக்கு மேலே ஊழிகள் இருக்கின்றன: தொல்லுயிர் ஊழி, இடையுயிர் ஊழி, புத்துயிர் ஊழி. முதல் இரண்டும் முடிகிற இடங்கள் பூமியின் மிகப் பெரிய உயிர் அழிவுகளில் இரண்டு. இப்படி மூன்றாக வகுத்த ஜான் பிலிப்சுக்கு 1841இல் அழிவின் காரணம் எதுவும் தெரியாது. பாறையில் உயிர்வகைகள் சட்டென்று குறைந்து, பிறகு வேறு முகங்களோடு பெருகுவதை மட்டும் பார்த்துக் கோடு போட்டார். அந்தக் கோடு இன்றும் அங்கேயே இருக்கிறது.

இனி நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் ஒரு பழைய கடலின் அடித்தளம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. 1840களில் சென்னை மாகாண அதிகாரிகள் இருவர் சேகரித்து அனுப்பிய சிப்பிகளை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். இவை கிரிடேசியஸ் காலத்தவை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்கே நடந்து நடந்து அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக ஆனவர் இவர்தான். மூன்று தொகுதிகளையும் பிரிக்க அவரிடம் ஓர் ஆண்டு எண்கூட இல்லை. அடுக்குகளுக்கு நடுவே இருந்த அரிப்புத் தடங்களும் எச்சங்களின் மாற்றமும்தான் இருந்தன. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பிரிவினையின் எலும்புக்கூடு அப்படியே பயன்படுகிறது.

மாணவர்களை நான் முதலில் அழைத்துப்போவது காரை என்ற ஊருக்கு. மரமில்லாத, ஓடை ஓடையாக அரிக்கப்பட்ட மஞ்சள் கலந்த களிமண் மேடுகள். கண்ணாடிச் சில்லு சிதறியதுபோல எங்கும் ஜிப்சம் மின்னும். குனிந்து பார்த்தால் பேனா மூடி அளவில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் கல்துண்டுகள் கிடக்கும். பெலம்னைட் எனப்படும், கணவாய் போன்ற ஓர் உயிரின் உள்ளெலும்பு அது. அம்மோனைட் துண்டுகளும் சுறாப் பற்களும் அதே களிமண்ணில் உண்டு. ஒருமுறை ஒரு மாணவி கையில் பெலம்னைட்டை வைத்துக்கொண்டு, ‘கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியல்லவா இருக்கிறது?’ என்றாள். அவள் நின்ற இடத்தில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் தலைக்கு மேலே நின்றது.

இங்கேதான் பிரிப்பது முடிந்து பொருள் கொள்வது தொடங்குகிறது. மெல்லிய களிமண் படிய வேண்டுமானால் நீர் அமைதியாக இருக்க வேண்டும், கரை தள்ளி இருக்க வேண்டும். டால்மியாபுரம் என்று அறியப்பட்ட கல்லக்குடியின் சுரங்கங்களில் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல் இருக்கிறது. வெளிச்சம் எட்டுகிற, ஆழமில்லாத கடலின் அடையாளம் அது. கருடமங்கலம் பக்கத்து மணற்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காக நெருக்கிக் கிடக்கின்றன, அலையின் வேகம் அவற்றை வாரிச் சேர்த்திருக்கிறது. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அது கடற்படிவுக்குள் கிடக்கிறது, ஆகவே ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளிய மரம். மேலே போகப்போக, கல்லமேட்டு மணற்கல்லில் டைனோசர் எலும்புகள் வருகின்றன: கடல் பின்வாங்கி நிலம் வெளிப்பட்டிருக்கிறது. அதற்கும் மேலே நின்னியூர் அடுக்குகளில் மறுபடி கடல், ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. டைனோசர்களோடு அம்மோனைட்டுகளையும் முடித்துவைத்த அந்தப் பேரழிவு இவ்விரண்டு அடுக்குகளுக்கும் நடுவே நடந்திருக்கிறது. அந்தக் கணம் பதிவான மண் இங்கே நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. கல்லமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவே படிவு விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போன இடங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவை பொய் சொல்லாத சாட்சிகள். ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் தம் நண்பர்களுக்குக் காட்டிய பாறை உலகப் புகழ்பெற்றது. கீழே செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிற அடுக்குகள், அவற்றின் தலையை வெட்டினாற்போல மேலே கிடக்கும் சிவப்பு மணற்கல். கீழ் அடுக்கு கடலில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, மலையாகி, தேய்ந்து தட்டையான பிறகுதான் மேல் அடுக்கு படிந்திருக்க முடியும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏறக்குறைய 6 கோடியே 50 லட்சம் ஆண்டுகள் என்று இன்று தெரியும். ஊட்டத்தூர்ப் படிவுகளின் மேற்கு ஓரத்தில் கிரிடேசியஸ் கடல் மண் நேராகப் பழைய படிகப் பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இடங்கள் உண்டு. கீழ்ப்பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு, மேல் மண் சுமார் 11 கோடி. இரண்டையும் ஒரே கையால் தொடலாம். விரல்களுக்கு நடுவே 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. சிக்கார் முனைக்குப் போக முடியாதே என்று ஏங்குகிற நம் மாணவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

இன்னொரு செய்தியும் வேடிக்கையானது. காரைக் களிமண்ணை ஆய்வாளர்கள் ஆல்பியன், செனோமேனியன், டுரோனியன் என்ற கிரிடேசியஸின் உட்பிரிவுகளால் குறிப்பார்கள். பிரான்சின் ஓப் ஆறு, லெ மான் நகரம், தூர் நகரம் ஆகியவற்றின் பழம்பெயர்கள் அவை. அங்கே அந்தப் பெயர் பெற்ற அடுக்குகளில் உள்ளவற்றுக்கு நெருங்கிய அம்மோனைட்டுகள் இங்கும் கிடைப்பதால்தான் திருச்சி மண்ணுக்குப் பிரெஞ்சு ஊரின் பெயர். பாறையைச் சொல்லும்போது கீழ், மேல் என்பார்கள், காலத்தைச் சொல்லும்போது முன், பின் என்பார்கள். கீழ் கிரிடேசியஸ் என்பது நீங்கள் சுத்தியலால் தட்டக்கூடிய கல். முற்கால கிரிடேசியஸ் என்பது அந்தக் கல் படிந்த பொழுது.

சரி, எண்கள் எப்போது வந்தன? பிளான்ஃபோர்டின் நூல் வந்த அதே 1862இல் இயற்பியல் மேதை கெல்வின், பூமி உருகிய நிலையிலிருந்து ஆறிய வேகத்தைக் கணக்கிட்டு அதன் வயது 2 கோடியிலிருந்து 40 கோடிக்குள் என்றார். வயது போகப்போக அதை இன்னும் குறைத்து, 2 கோடியிலிருந்து 4 கோடிக்குள் என்று முடித்தார். பாறையைப் படித்தவர்களுக்கு அது போதவே போதாது என்று தெரியும், ஆனால் மறுக்கக் கணக்கு கையில் இல்லை. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்தான் கதவு திறந்தது. யுரேனியம் தானாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. அது சிதையும் வேகம் வெப்பத்துக்கோ அழுத்தத்துக்கோ மாறுவதில்லை. யுரேனியம்-238இல் பாதி ஈயமாக 447 கோடி ஆண்டு பிடிக்கும், யுரேனியம்-235இல் பாதிக்கு 70 கோடி ஆண்டு. 1911இல், இன்னும் இருபத்திரண்டு வயதுகூட நிறையாத ஆர்தர் ஹோம்ஸ் ஒரு டெவோனியன் பாறைக்கு 37 கோடி என்று கணக்கிட்டார். இன்றைய எல்லைகளுக்குள் அது சரியாகவே விழுகிறது.

இந்தக் கடிகாரம் எல்லாக் கல்லிலும் இல்லை. இதற்கு ஏற்ற கனிமம் ஜிர்க்கான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு பிரித்தெடுக்கிறார்களே, அதே ஜிர்க்கான்தான். எரிமலைக் குழம்பில் அது படிகமாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பின்னால் அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே பிறந்தது. இரண்டு வகை யுரேனியமும் இரண்டு வேகத்தில் ஓடுவதால் ஒரே ஜிர்க்கான் மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். வேறுபட்டால் நடுவில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, படித்தவர்களே விழுகிற பொறி. காரைக் களிமண்ணையோ கருடமங்கலம் மணற்கல்லையோ எடுத்து அதிலுள்ள ஜிர்க்கானின் வயதைப் பார்த்தால் அடுக்கின் வயது வராது. அந்த மணி எந்த மலையிலிருந்து அரித்து வந்ததோ அந்த மலையின் வயதுதான் வரும். மாமல்லபுரத்துச் சிற்பம் எப்போது செய்தது என்று கேட்டால் அந்தப் பாறை எப்போது உருவானது என்று பதில் சொல்வதைப் போன்றது அது. அதனால் படிவுகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் விழுந்த மெல்லிய அடுக்கைத் தேடுவார்கள். சாம்பலில் உள்ள ஜிர்க்கான் அந்த வெடிப்பை ஒட்டிப் பிறந்தது. கீழே ஒரு சாம்பல், மேலே ஒரு சாம்பல், நடுவில் நமக்கு வேண்டிய எச்சம் என்று கிடைத்தால் அதன் வயது இரண்டு எண்களுக்குள் சிக்கிக்கொள்ளும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரு காலம் எங்கே தொடங்குகிறது என்பதை ஆண்டு எண்ணால் வரையறுப்பதில்லை. சர்வதேச அடுக்கியல் ஆணையம் உலகில் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு பாறை முகத்தில், ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தேர்ந்தெடுத்து, இந்தப் புள்ளியிலிருந்து இன்ன காலம் தொடங்குகிறது என்று அறிவிக்கும். பேச்சுவழக்கில் இதற்குத் தங்க ஆணி என்று பெயர். முதல் ஆணி 1972இல் செக் நாட்டின் குளோங்க் என்ற இடத்தில் சிலூரியனுக்கும் டெவோனியனுக்கும் நடுவே அடிக்கப்பட்டது. கேம்பிரியனின் ஆணி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், ஃபார்ச்சூன் முனை என்ற கடற்கரைப் பாறையில், 1992இல் முடிவானது. அடையாளமாக எடுத்துக்கொண்டது ஓர் உயிரின் உடலைக்கூட அல்ல, கடலடிச் சேற்றில் புழு போன்ற ஏதோ ஒன்று குடைந்துபோன தடம். அந்தத் தடம் புதுமையானது: சேற்றின் மேற்பரப்பிலேயே ஊர்ந்துகொண்டிருந்த உயிர்களில் ஒன்று கீழே குத்திக் குடைந்து, மேலே வந்து, மறுபடி குடையத் தொடங்கியிருக்கிறது.

அந்தப் பாறையில் வயது சொல்லக்கூடிய சாம்பல் இல்லை. எனவே வேறு இடங்களில் அதே மட்டத்துக்கு நெருங்கிய அடுக்குகளில் சாம்பலைத் தேட வேண்டியிருந்தது. 57 கோடி என்பது துல்லியம் குறைந்த பழைய அளவீடுகளின் காலத்து எண். 1993இல் சைபீரியாவில் கிடைத்த எரிமலைப் பாறையின் ஜிர்க்கான் அதை 54 கோடியே 40 லட்சம் அளவுக்கு இறக்கியது. 2019இல் நமீபியாவின் சாம்பல் அடுக்குகளில் எடுத்த அளவீடு 53 கோடியே 88 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆணி ஓர் அங்குலம்கூட நகரவில்லை, கேம்பிரியன் உயிர்கள் ஒன்றுகூட இடம் மாறவில்லை. நம் தராசு நுணுக்கமாகியிருக்கிறது. இன்னொன்றும் நடந்தது: அந்தப் புழுத்தடம் ஆணிக்குச் சுமார் 4 மீட்டர் கீழேயும் இருப்பது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட எல்லை எது என்றால் பெர்மியன் முடிகிற இடத்தைச் சொல்வேன். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். எல்லைக்குக் கீழேயும் மேலேயும் சாம்பல் களிமண் இருக்கிறது. அதனால் எல்லையின் வயது 25 கோடியே 19 லட்சத்து 2 ஆயிரம் ஆண்டு என்றும், பிழை முன்பின் 24 ஆயிரம் ஆண்டு மட்டுமே என்றும் 2014இல் அளந்து சொன்னார்கள். கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பகுதியைக் கொண்டுபோன அந்த அழிவு ஏறக்குறைய 60 ஆயிரம் ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. 25 கோடி ஆண்டுத் தொலைவில் 60 ஆயிரம் ஆண்டைப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று: எல்லை ஆணி அழிவின் அடுக்கில் இல்லை, சில சென்டிமீட்டர் மேலே, கோனோடான்ட் என்ற, விலாங்கு போன்ற சிறு கடல் உயிரின் பல் வகை ஒன்று முதலில் தோன்றும் மட்டத்தில் இருக்கிறது. ஓர் உயிர் ஓரிடத்தில் காணாமல் போவதற்கு அழிவும் காரணமாகலாம், எச்சம் பாதுகாக்கப்படாமல் போனதும் காரணமாகலாம். புதிதாக வந்த ஒன்று கையில் கிடைக்கிறது, பல நாடுகளில் தேடிப் பார்க்கலாம். கிரிடேசியஸின் முடிவுக்கு மட்டும் வேறு அடையாளம் எடுத்தார்கள். வால்டர் அல்வாரெஸ், லூயிஸ் அல்வாரெஸ் குழுவினர் 1980இல் இத்தாலியின் குப்பியோவில் கண்டு சொன்ன, விண்கற்களில் மிகுதியாக உள்ள இரிடியம் என்ற உலோகம் செறிந்த களிமண் உலகெங்கும் கிடைப்பதால், துனீசியாவின் எல் கெஃப் என்ற இடத்தில் அந்தக் களிமண்ணின் அடியிலேயே ஆணி விழுந்தது. விண்கல் தூசி உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே வேளையில் இறங்கியது, அதைவிட நல்ல முத்திரை அமையாது. கிரிடேசியஸின் தொடக்கத்துக்கோ இன்றுவரை ஆணியே இல்லை. கேம்பிரியனுக்குப் பிந்தைய காலங்களில் அடிப்புள்ளி முடிவாகாமல் இருப்பது அது ஒன்றுதான். 14 கோடியே 50 லட்சம் என்று நூல்களில் இருந்த எண் அண்மைப் பட்டியலில் 14 கோடியே 31 லட்சமாக மாறியது.

இதுவரை பேசியது எல்லாம் பூமியின் வயதில் ஒரு ரூபாய்க்கு 12 பைசா. மீதி 88 பைசா கேம்பிரியனுக்கு முந்தையது. பாடநூல்கள் அதை ஒரு பத்தியில் கடந்துபோவது எனக்குப் பெரிய வருத்தம். அங்கே ஓடுள்ள உயிர்கள் இல்லை, முத்திரை இல்லை. ஆகவே 250 கோடி, 160 கோடி, 100 கோடி என்று முழு எண்களில் கோடு போட்டிருக்கிறார்கள். உங்கள் சந்தேகம் நியாயமாகப் பொருந்துகிற இடம் இதுதான், எண்ணை வைத்தே பிரித்த பகுதி இது. 2004இல் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஆணி அடித்து எடியாக்கரன் என்ற காலத்தைச் சேர்த்தபோது இந்த இருட்டுப் பகுதிக்கு முதல் உண்மையான எல்லை கிடைத்தது. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே உள்ள பல்லாவரம் குன்றுகள் இந்த 88 பைசாவைச் சேர்ந்தவை, சுமார் 250 கோடி ஆண்டு. சார்னோகைட் என்று உலகம் அழைக்கும் பாறை வகை இந்தப் பகுதிப் பாறையை வைத்தே விவரிக்கப்பட்டது. அதற்கும் முன்னால் போனால் கனடாவின் அகாஸ்டா பாறை 400 கோடியைச் சற்றுத் தாண்டும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் ஜிர்க்கான் மணி ஒன்று 440 கோடி. அதற்கு மூத்த கல் பூமியில் நமக்குக் கிடைக்காததால் கிளேர் பேட்டர்சன் விண்கல்லில் ஈயத்தை அளந்து 1956இல் 455 கோடி என்றார். அவர் கை வைத்த எல்லாவற்றிலும் வெளி ஈயம் கலந்து கணக்கைக் கெடுத்தது. அதைத் துடைத்துத் துடைத்தே அந்த எண்ணை எட்டினார். பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராகப் பிறகு அவர் போராடியதும் அந்த அனுபவத்தால்தான்.

நம் கால முனையைப் பற்றிச் சுருக்கமாக. 2018இல் மேகாலயாவின் மாம்லூ குகைச் சுண்ணாம்புப் படிவை வைத்து, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மேகாலயன் என்ற சிறு உட்பிரிவு ஏற்கப்பட்டது. நாம் வாழ்வது அதில்தான். மனிதர் யுகம் என்ற புதுப் பிரிவை 1950களில் தொடங்கலாம் என்ற முன்மொழிவு, கனடாவின் கிராஃபோர்ட் ஏரியின் வண்டல் அடுக்குகளைச் சான்றாக வைத்து வந்தது. 2024 மார்ச்சில் அது வாக்கெடுப்பில் தோற்றது. மனிதர் பூமியை மாற்றவில்லை என்று யாரும் வாக்களிக்கவில்லை. இவ்வளவு மெல்லிய அடுக்குக்கு இத்தனை பெரிய தகுதி தரலாமா, வேளாண்மையும் காடழிப்பும் தொடங்கிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளை வெளியே விடலாமா என்பதே வழக்கு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

தேர்வுக்கு எந்த எண்ணை எழுதுவது என்றால் 53.9 கோடி என்று எழுதுங்கள். பட்டியல் எந்த ஆண்டில் வெளியானது என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் மழைக்காலம் முடிந்த உடனே, வெயில் ஏறுவதற்குள், காரைக்குப் போய் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அம்மோனைட்டோ பெலம்னைட்டோ கண்ணில் பட்டால் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், எந்த மேட்டில், எந்த அடுக்கில், கீழிருந்து எத்தனை அடி உயரத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுக்கிலிருந்து பெயர்த்து வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்த ஓட்டைப் பலர் என்னிடம் காட்டி, இது எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டிருக்கிறார்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். அது அவர்களுக்கு நினைவிருந்ததே இல்லை.